செராடோ தாவரங்களில் ஒட்டுண்ணி எதிர்ப்பு, பூஞ்சை எதிர்ப்புச் சேர்மங்களைத் தேடுவது எப்படி?

டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோய்க்கு இன்றும் பென்ஸ்நிடசோல், நிஃபர்டிமாக்ஸ் என்ற இரண்டு மருந்துகளே பயன்பாட்டில் உள்ளன. 1909இல் கார்லோஸ் சாகஸ் அந்நோயைக் கண்டறிந்த லாசான்சி ஊர் பிரேசிலின் செராடோ என்ற சவன்னாப் (மரங்கள் பரவிய புல்வெளிப்) பகுதியில்தான் இருக்கிறது. 12,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வளரும் அந்நிலத்தில் புதிய மருந்துப் பொருளைத் தேடுவோர், தம் உழைப்பில் பெரும்பகுதி பொய் நம்பிக்கை தரும் சாறுகளைக் கழிப்பதற்கே செலவாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுத் திட்டமிட வேண்டும்.

பிரேசிலின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, முடிவுகளை வெளியிடுவதற்கும் காப்புரிமை கோருவதற்கும் முன்பே சிஸ்ஜென் என்ற அரசின் மரபுவளப் பதிவுத் தளத்தில் ஆய்வைப் பதிவு செய்துவிடுங்கள். பருவத்துக்கும் உறுப்புக்கும் ஏற்பச் சேர்மங்கள் மாறுவதால், சேகரித்த இடம், நாள், உறுப்பு ஆகியவற்றைக் குறித்து, ஒரு மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். இலைகளை 40 டிகிரி செல்சியசுக்கு மிகாமல் உலர்த்தி, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், எத்தனால் என்ற கரைப்பான்களின் வரிசையில் சாறு எடுக்கலாம்.

டானின்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்களிடம் எச்சரிக்கை தேவை. பார்பாட்டிமாவ் என்ற செராடோ மரத்தின் பட்டையில் மிகுந்துள்ள இவை, கண்ட புரதங்களோடெல்லாம் பிணைந்துகொள்வதால் எந்தச் சோதனையிலும் வீரியம் உள்ளதுபோல் தோற்றம் காட்டும். டானின்களைப் பற்றிக்கொள்ளும் பாலிஅமைடு என்ற பலபடிப் பொருளைக் கொண்டு அவற்றை நீக்கிய பின்னும் வீரியம் நிலைத்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

கேண்டிடா பூஞ்சைகளுக்கு எம்27 என்ற பூஞ்சை மருந்துச் சோதனைத் தரமுறைப்படி, சிறு குழிகள் கொண்ட நுண்தட்டில் சோதனை செய்யும்போது, கரைப்பான் மட்டும் உள்ள குழியும் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து உள்ள குழியும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வளர்ச்சியைத் தடுக்காத சாற்றை விட்டுவிடுவதே என் பரிந்துரை.

லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை, வளர்ப்பூடகத்தில் நீந்தும் புரோமாஸ்டிகோட் வடிவத்தைக் கொல்வது எளிது. ஆனால் மனித உடலில் நோயை நிலைநிறுத்துவது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் வாழும் அமாஸ்டிகோட் வடிவமே என்பதால், அதில் சோதிக்காத முடிவுக்கு மதிப்புக் குறைவு. அதே வேளையில் பாலூட்டிச் செல்களுக்கான நச்சுத்தன்மையையும் அளந்து, ஒட்டுண்ணியைவிடச் செல்லைக் கொல்லப் பத்து மடங்குக்கு மேல் செறிவு தேவைப்படுகிறதா என்று பாருங்கள். அராட்டிகும் போன்ற அனோனா குடும்பத் தாவரங்களின் அசிட்டோஜெனின்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பை (complex I) தடுப்பவை. ஒட்டுண்ணியோடு நம் செல்களும் மடியக்கூடும்.

பிரித்தெடுப்பில் இறங்குமுன் மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலையால் சாற்றை ஆராய்ந்தால், உர்சோலிக் அமிலம் போன்ற பழகிய சேர்மங்களை மீண்டும் கண்டுபிடிக்கும் வீண்வேலையைத் தவிர்க்கலாம். சாற்றைப் பின்னங்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரித்ததும் வீரியம் மறைந்துவிட்டால், அவற்றை மீண்டும் கலந்து சோதியுங்கள். வீரியம் திரும்பினால் அது கூட்டு விளைவு, திரும்பாவிட்டால் சேர்மம் சிதைந்திருக்கலாம் அல்லது பிரித்தெடுக்கப் பயன்படும் சிலிக்கா பத்தியிலேயே தங்கியிருக்கலாம்.