ட்ரோன் கேமராவில் ஃபில்டர் மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புதிதாக ட்ரோன் வாங்குபவர்கள் அடுத்ததாக வாங்குவது பெரும்பாலும் ஒரு ஃபில்டர் பெட்டி. ஒளியைக் குறைக்கும் இருண்ட கண்ணாடிகள் என்டி 8, 16, 32, 64 என்று வரிசையாக அடுக்கியிருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் எந்த எண்ணை எப்போது போடுவது என்று ஆர்வமாகக் கேட்கிறார்கள். எப்படி மாட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வியில் தவறினால் ஒரு காட்சி போகும், இரண்டாவதில் தவறினால் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலே போகும். நாங்கள் தொடங்கிய காலத்தில் நடந்த அதே தவறுகள் இன்றும் அப்படியே நடப்பதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடியில் விரல் ரேகை படக்கூடாது, கிம்பல் கவரைக் கழற்ற மறக்கக்கூடாது என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலைக் கண்ணால் பார்த்து எண்ணை முடிவு செய்வது

என்டி ஃபில்டர் செய்வது ஒரே வேலை: உள்ளே வரும் ஒளியைக் குறைக்கிறது. வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய, ஷட்டர் வேகம் ஃபிரேம் எண்ணிக்கையின் இரு மடங்காக இருக்க வேண்டும் என்பது பழைய சினிமா வழக்கம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50 நொடி, 30 என்றால் 1/60 நொடி. நல்ல வெயிலில் ஃபில்டர் இல்லாமல் இந்த வேகத்தில் எடுத்தால் படம் வெளுத்துவிடும். அதனால்தான் என்டி.

"வெயில் கொளுத்துகிறது, 32 போடு" என்று ஊகிக்கத் தேவையில்லை. ஃபில்டர் இல்லாமல் ட்ரோனை மேலே ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவை (ஒளிக்கான கேமராவின் உணர்திறனை) 100-இல் வைத்து, எடுக்கப்போகும் காட்சியை நோக்கித் திருப்பி, சரியான வெளிச்சத்துக்குக் கேமரா எந்த ஷட்டர் வேகம் கேட்கிறது என்று பாருங்கள். 1/1600 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு வேண்டியது 1/50. 1600-ஐ 50-ஆல் வகுத்தால் 32. என்டி 32 போடுங்கள், கணக்கு முடிந்தது. ஃபில்டரின் மேல் உள்ள எண், அது ஒளியை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

எஃப் எண் சொல்வது அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை; எண் சிறியதானால் திறப்பு பெரிது. நடுப்பகல் வெயிலில் எஃப் 2.8 லென்ஸ் சுமார் 1/3200 கேட்கும். அதற்கு என்டி 64. சிறிய ட்ரோன்கள் சிலவற்றில் அபெர்ச்சர் எஃப் 1.7-இல் நிலையாக இருக்கும். அவற்றுக்கு அதே வெயிலில் என்டி 128 தேவைப்படும், சில நேரம் அதுவும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் பல பெட்டிகள் 64-உடன் நின்றுவிடுகின்றன. வாங்கும் முன் உங்கள் கேமராவின் அபெர்ச்சரைப் பாருங்கள்.

இன்னொன்று. வேகம் 1/50-க்குப் பதில் 1/100 வந்தால் குடி முழுகிவிடாது, பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. நூறு மீட்டர் உயரத்தில் மெதுவாக நகரும் அகன்ற காட்சியில் என்டி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதே கடினம். தரைக்கு அருகே வேகமாகப் பறக்கும்போதும், மரங்களைப் பக்கவாட்டில் கடக்கும்போதும், ஓடும் நீரை எடுக்கும்போதும்தான் வித்தியாசம் தெரியும். இதை நினைவில் வையுங்கள், அடுத்துச் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டரை மாற்றுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். நேரத்தை மிச்சப்படுத்தும் வழி என்று இதைக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

ஏன் செய்கிறார்கள் என்பது புரிகிறது. மேகம் வந்து வெயில் மறைகிறது. ட்ரோனை இறக்குகிறார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் செயற்கைக்கோள்களைத் தேட வேண்டும், ஹோம் பாயின்ட் (ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவாக வேண்டும். அதற்குள் வெளிச்சம் மாறிவிடும் என்ற பதற்றம். சரி, ஒரு நொடி வேலைதானே என்று கையை நீட்டுகிறார்கள்.

அந்த ஒரு நொடியில் உள்ளே நடப்பதைப் பாருங்கள். கிம்பல் என்பது தட்டுகள் சமமாக நிற்கும் தராசு போன்றது. கேமராவின் எடை மூன்று அச்சுகளிலும் சமன்பட்டிருப்பதால்தான் அவ்வளவு சிறிய மோட்டார்களால் அதைத் தாங்க முடிகிறது. பவர் இருக்கும்வரை அந்த மோட்டார்கள் கேமராவை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஒரு பக்கம் தள்ளினால் அவை மறு பக்கம் தள்ளும். இன்னும் அழுத்தினால் இன்னும் மின்சாரத்தை இழுத்து எதிர்க்கும், சூடாகும்.

திருகி மாட்டும் ஃபில்டரில் இது இன்னும் மோசம். ஃபில்டரைத் திருகும் அச்சும் கிம்பலின் ரோல் அச்சும் (கேமரா இடம் வலமாகச் சாயும் அச்சு) ஒரே கோட்டில் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசை முழுவதும் நேராக ரோல் மோட்டாரில் போய் இறங்குகிறது. அதை ஒட்டியே, காகிதம் போல் மெல்லிய ரிப்பன் கேபிள் மடிந்து போகிறது. காட்சியும் கட்டளையும் அந்தக் கேபிள் வழியாகத்தான் போய்வருகின்றன.

ஆற்றோரம் ஒரு படகுக் காட்சி எடுக்கப் போயிருந்தோம். உடன் வந்த இளைஞருக்கு நல்ல கண், நல்ல கைப்பழக்கம். மேகம் மூடியதும் ட்ரோனை இறக்கி, பேட்டரியை அணைக்காமல் என்டி 64-ஐக் கழற்றி 16-ஐ மாட்டினார். கேமரா உதறியது. அவர் அதை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துத் திருகினார். திரையில் கிம்பல் மோட்டாருக்கு அதிகச் சுமை என்று எச்சரிக்கை வந்தது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி பறக்கவிட்டார். முதல் சில நிமிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அடிவானம் மெல்ல இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. அளவுத்திருத்தம் செய்து பார்த்தோம், ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி சாய்ந்தது. அன்றைய மாலை முழுவதும் எடுத்ததில் பயன்படுத்தக்கூடிய துண்டு ஒன்றுகூட இல்லை. பழுதுபார்ப்பவர் திறந்து காட்டியபோது ரிப்பன் கேபிள் மடிப்பில் கீறியிருந்தது. கிம்பல் பகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அவர் 16-க்கு மாற்றியிருக்கவே தேவையில்லை. 32-ஐப் போட்டு ஏறியிருந்தால் வெயிலில் 1/100, மேகத்தில் 1/25 அல்லது 1/50 என்று சமாளித்திருக்கலாம். வெளிச்சம் வந்துபோகும் நாளில் நடுவில் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை ஷட்டரிடமும் ஐஎஸ்ஓவிடமும் விட்டுவிடுங்கள். அபெர்ச்சரை மாற்ற முடிகிற கேமரா என்றால் இன்னும் வசதி. எஃப் 2.8-இலிருந்து எஃப் 5.6-க்குப் போனாலே இரண்டு ஸ்டாப் கிடைக்கும், அதாவது ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். எஃப் 11 வரை போக வேண்டாம், படத்தின் கூர்மை குறையும்.

கிம்பலைவிடப் பெரிய விஷயம் உங்கள் விரல்கள். பவர் இருக்கும் ட்ரோன் பறக்கத் தயாராக இருக்கும் ட்ரோன். பக்கத்தில் இருப்பவர் ரிமோட்டை எடுத்து இரண்டு குச்சிகளையும் தெரியாமல் உள்நோக்கித் தள்ளிவிட்டால் ப்ரொப்பெல்லர்கள் சுழலும். அப்போது உங்கள் கை அவற்றுக்கு நடுவில் இருக்கிறது.

ஆகவே, மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் அணையுங்கள். இப்போதுதான் பறந்து இறங்கியது என்பதால் மறுபடி போடும்போது செயற்கைக்கோள்கள் முதல் தடவையைவிடச் சீக்கிரம் கிடைத்துவிடும். மோட்டார்கள் தளர்ந்து கேமரா தொங்கிய பிறகு, கேமராவின் உடலை இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். கிம்பலின் கையைப் பிடிக்காதீர்கள், ட்ரோனின் உடலையும் பிடிக்காதீர்கள். கேமராவைப் பிடிக்காமல் திருகினால், பவர் இல்லாவிட்டாலும் ரோல் அச்சு அதன் கடைசித் தடுப்பு வரை போய் அங்கே முட்டும். திருகும் விசை உங்கள் இரண்டு கைகளுக்கு இடையிலேயே அடங்க வேண்டும்.

அழுத்தி மாட்டும் வகை என்றால் கேமராவின் பின்பக்கத்தில் ஒரு விரலைக் கொடுத்து, முன்னாலிருந்து நேராக அழுத்துங்கள். கழற்றும்போதும் அப்படியே. சட்டென்று முன்னால் இழுத்தால் கிம்பலைத் தாங்கும் ரப்பர் டாம்பர்கள் துளையிலிருந்து பிதுங்கி வந்துவிடும். வந்தது தெரியாமல் பறந்தால், காட்சி முழுவதும் ஜெல்லி போல் ஆடும். ப்ரொப்பெல்லரில் குறை தேடி நாள்கள் போகும்.

மாட்டியபின் லேசாக இழுத்துப் பாருங்கள். பாதி மாட்டிய ஃபில்டர் காற்றில் கழன்று விழும், கீழே யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பிறகு சமதரையில் வைத்து, புல்லோ மணலோ கேமராவில் உரசாத இடமாகப் பார்த்து, பவரைப் போடுங்கள். கிம்பல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைந்து தன்னைச் சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனை ஃபில்டரின் எடையோடு நடக்க வேண்டும் என்பதுதான் முன்கூட்டியே மாட்டச் சொல்வதன் காரணம். அது முடியும்வரை கையை வைக்காதீர்கள்.

"பொருந்துகிறதே" என்று வேறு மாடலின் ஃபில்டரை மாட்டுவது

2018-இல் வந்த மேவிக் 2 ப்ரோ, மேவிக் 2 ஸூம் ஆகிய இரண்டு ட்ரோன்களும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிறவிகள். கேமராக்கள் வேறு, ஃபில்டர்களும் வேறு. ஒன்றுக்கானது மற்றதற்கு ஆகாது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள். பெட்டியில் உங்கள் மாடலின் முழுப் பெயர் இருக்க வேண்டும்.

சற்றே பெரிய ஃபில்டரை டேப் ஒட்டி நிறுத்துவது, சற்றே சிறியதை அழுத்தி ஏற்றுவது இரண்டுமே கிம்பலின் சமநிலையைக் கெடுக்கும். ஒரு கிராமா, இரண்டு கிராமா என்று நினைக்கலாம். அந்த எடை கேமராவின் மூக்கு நுனியில் உட்காருவதுதான் பிரச்சினை. காற்றில்லாத நாளில் தாங்கிவிடும். காற்றடிக்கும்போதும் வேகமாகப் பறக்கும்போதும் மோட்டார் திணறும்.

மரையுள்ள ஃபில்டர் என்றால் முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி, மரை உட்கார்ந்ததை உணர்ந்தபின் திருகுங்கள். அலுமினிய மரை ஒருமுறை கோணலாக ஏறிவிட்டால் சரியாக்குவது பெரும்பாடு. இறுகிப் போனதைக் குறடு போட்டு எடுக்காதீர்கள், வளையத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்கும்.

போலரைசரை மாட்டியே வைத்திருப்பது

நீரின் பளபளப்பையும் இலைகளின் மினுமினுப்பையும் போலரைசர் குறைக்கும். உண்மைதான். ஆனால் தரையில் நிற்கும் கேமராவில் வளையத்தைச் சுற்றிச் சரிசெய்யலாம், வானத்தில் யார் சுற்றுவது? சூரியனுக்குச் செங்குத்தான திசையில் அதன் விளைவு அதிகம், சூரியனை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ திரும்பினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ட்ரோன் ஒரு வட்டம் அடித்தால் வானத்தின் நீலம் கூடிக் குறைந்து கூடும். அகன்ற லென்ஸில் ஒரே ஃபிரேமுக்குள்ளேயே வானத்தில் கரும்பட்டை விழும். வண்ணத்திருத்தத்தில் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

நீருக்கு நேர்மேலே நின்று செங்குத்தாகக் கீழே பார்க்கும்போது போலரைசரால் பயனில்லை. சாய்வாகப் பார்க்கும்போதுதான் எதிரொளி போலரைஸ் ஆகிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. ஒரே திசையை நோக்கிய, சாய்வான, திரும்பாத காட்சிக்கு மட்டும் மாட்டுங்கள். தரையிலேயே ட்ரோனை அந்தத் திசைக்குத் திருப்பி வைத்து, பவரைப் போட்டுத் திரையில் பார்த்து, பிறகு அணைத்துவிட்டு வளையத்தைச் சுற்றுங்கள். இரண்டு மூன்று முறை ஆகும். ஆகட்டும்.

யூவி ஃபில்டர்

வேண்டாம். சென்சாரின் முன்னாலேயே அந்தத் தடுப்பு இருக்கிறது.

ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டுவது

கூடாது.

வரைபடப் பணிக்கு என்டி போடுவது

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோன், 1/50 ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். நில அளவைக்கும் முப்பரிமாண மாதிரிக்கும் எடுக்கும் படங்களில் அந்த 20 சென்டிமீட்டர் மங்கல் எல்லாப் புள்ளிகளையும் கெடுத்துவிடும். வீடியோ எடுத்த கையோடு அதே ஃபில்டரோடு வரைபடப் பறப்புக்குப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கழற்றுங்கள். கழற்றிய இடத்தில் லென்ஸோடு வந்த அசல் கண்ணாடி வளையத்தை மறக்காமல் மாட்டுங்கள். சில மாடல்களில் ஃபில்டர் மாட்ட அதைக் கழற்ற வேண்டியிருக்கும், பிறகு அது இல்லாமலே பறந்தால் தூசி நேராக லென்ஸில் போய் உட்காரும்.

250 கிராம் எல்லையை மறப்பது

பல நாடுகளில் 250 கிராமுக்குள் இருக்கும் ட்ரோனுக்கு விதிகள் தளர்வானவை. 249 கிராம் ட்ரோனில் ஃபில்டர் ஏற்றினால் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். மாட்டிய நிலையிலேயே எடை போட்டுப் பாருங்கள்.

அந்தி சாய்ந்தபின்னும் கழற்றாமல் இருப்பது

கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. வெளிச்சம் குறையக் குறைய கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போகும். சிறிய திரையில் படம் பிரகாசமாகவே இருக்கும், பெரிய திரையில் போட்டால் இருட்டுப் பகுதி முழுக்கப் புள்ளிகளாக இருக்கும். பொருளைப் பின்தொடரும் வசதியும் பல ட்ரோன்களில் அந்த முதன்மைக் கேமராவை நம்பியே இயங்குகிறது, இருண்ட ஃபில்டருக்குப் பின்னால் அது ஆளைத் தவறவிடும். ஐஎஸ்ஓ 400-ஐத் தொட்டதும் இறக்குங்கள். பவரை அணைத்து, கேமராவைப் பிடித்து, ஃபில்டரைக் கழற்றி, அதன் உறையில் போட்டபின் மறுபடி ஏற்றுங்கள்.