ஹெலன் ஹேஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

அமெரிக்க நடிகை ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அவருடைய திரைப்படப் பட்டியலைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். படம் கையில் கிடைக்கிறது, அதைப் போட்டுப் பார்க்க முடிகிறது என்பதால் இது இயல்புதான். ஆனால் ஹெலன் ஹேஸைப் பொறுத்தவரை இந்த வழியில் போனால் கட்டுரை தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். 1909 முதல் 1971 வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மேடையேறிய அவர், 1930களின் முற்பகுதியில் சில ஆண்டுகள் மட்டுமே ஹாலிவுட்டில் தொடர்ந்து நடித்தார். ஆகவே மேடை வாழ்க்கையை முதலில் முழுமையாக வரிசைப்படுத்திக்கொண்டு, படங்களை அதன் இடைவெளிகளில் பொருத்துங்கள்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். அவர் 1900 அக்டோபர் 10 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டு ஜூன் மாதக் கணக்கு என்பதால் அதில் அவரைத் தேடிப் பயனில்லை; 1910ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். தந்தை வழியில் அவருடைய குடும்பப் பெயர் பிரவுன். ஹேஸ் என்பது தாயின் குடும்பப் பெயர். சிறுமியாக நடித்த காலத்துச் செய்திகளைத் தேடும்போது இரண்டு பெயர்களையும் பயன்படுத்த வேண்டும். வாஷிங்டனின் 'ஈவினிங் ஸ்டார்' நாளிதழின் பழைய பக்கங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்து மேடைப் பட்டியல். நியூயார்க்கின் முதன்மை நாடக அரங்குகளைக் குறிக்கும் பெயர் பிராட்வே. அதன் தயாரிப்பாளர்கள், அரங்க உரிமையாளர்களின் அமைப்பான பிராட்வே லீக் நடத்தும் இணையத் தரவுத்தளத்தில் பெரும்பாலான நாடகங்களுக்கு அரங்கின் பெயர், தொடக்க நாள், முடிவு நாள், காட்சிகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அவற்றைக் கால வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். 1909 நவம்பரில் ஹெரால்டு ஸ்கொயர் அரங்கில் 'ஓல்டு டச்' இசை நாடகத்தில் ஒன்பது வயதுச் சிறுமியாக அறிமுகம், 1918இல் நடிகர் வில்லியம் ஜில்லெட்டுடன் 'டியர் புரூட்டஸ்', 1927இல் 'கோக்கெட்', 1933இல் 'மேரி ஆஃப் ஸ்காட்லாந்து' என்று பட்டியல் வளரும். 1935 டிசம்பர் 26 அன்று தொடங்கிய 'விக்டோரியா ரெஜினா'வுக்கு வந்ததும் நின்று நிதானமாக எழுதுங்கள். இங்கிலாந்து அரசி விக்டோரியாவாக, அரியணை ஏறும் இளம்பெண்ணாகத் தோன்றி, வைர விழா காணும் முதிய அரசியாக முடிக்க வேண்டிய பாத்திரம் அது. ஒரே மாலைக்குள் அறுபது ஆண்டுகளைக் கடந்தாக வேண்டும். 1936 கோடையில் இந்நாடகத்துக்கு இடைவேளை விடப்பட்டுப் பிறகு மீண்டும் தொடர்ந்ததால், தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையிலுள்ள மாதங்களை எண்ணிக் காட்சிக் கணக்கை நீங்களே போட்டுவிடாதீர்கள். பிராட்வேயில் முடிந்த பிறகு ஊர் ஊராகச் சென்ற சுற்றுப்பயணம் அந்தத் தரவுத்தளப் பதிவுக்குள் அடங்காது. அதற்கு அந்தந்த நகரத்து நாளிதழ்களைத்தான் புரட்ட வேண்டும். நியூயார்க்குக்கு வெளியே இருந்த பல்லாயிரம் பேருக்கு அவர் அறிமுகமானது அந்தப் பயணங்களில்தான் என்பதால் இந்த உழைப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது படங்களைச் சேர்க்கலாம். இங்கே ஆண்டுக் குழப்பம் மிகுதி. 'தி சின் ஆஃப் மேடலன் கிளாடெட்' வெளியானது 1931இல். அதற்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வழங்கப்பட்ட விழா நடந்தது 1932 நவம்பரில். 'ஏர்போர்ட்' 1970ஆம் ஆண்டுப் படம். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரை அதற்காக அவர் பெற்றது 1971இல். படத்தின் ஆண்டா, விழாவின் ஆண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றுங்கள். கேரி கூப்பருடன் நடித்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' 1932இல் வந்தது. 1935க்குப் பிறகு அவர் ஹாலிவுட்டை விட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். இதைத் திரையுலகில் ஏற்பட்ட சரிவு என்று எழுதுபவர்கள், அதே ஆண்டின் கடைசி வாரத்தில் 'விக்டோரியா ரெஜினா' தொடங்கியதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். மேடைப் பட்டியலை முன்பே தயார் செய்திருந்தால் இந்தப் பிழை வராது.

அரங்கின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நியூயார்க்கின் மேற்கு 46ஆவது தெருவில் இருந்த ஃபுல்டன் அரங்குக்கு 1955இல் ஹெலன் ஹேஸின் பெயர் சூட்டப்பட்டது. ஹோட்டல் ஒன்றைக் கட்டுவதற்காக 1982இல் அது இடிக்கப்பட்டது. மறு ஆண்டு, 44ஆவது தெருவில் இருந்த லிட்டில் தியேட்டருக்கு அவர் பெயர் வந்தது. 2018 முதல் அது ஹேஸ் தியேட்டர் என்று மட்டும் வழங்கப்படுகிறது. நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' 1956இல் ஹெலன் ஹேஸ் அரங்கில் பிராட்வேக்கு வந்தது என்று படிக்கும்போது, அது இடிக்கப்பட்ட 46ஆவது தெரு அரங்கு என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்றைய கட்டடத்தின் படத்தை அந்தச் செய்திக்குப் பக்கத்தில் போட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது, நாம் பார்க்க முடியாத நடிப்பைப் பற்றி எழுதுவது. லிங்கன் சென்டரில் உள்ள நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவு, மேடை நாடகங்களைப் பதிவு செய்து காக்கும் காப்பகத்தை 1970இல்தான் தொடங்கியது. ஹேஸ் அதற்கு அடுத்த ஆண்டே மேடையை விட்டார். எனவே விமர்சனங்கள், நிழற்படங்கள், நாடக அரங்கில் வழங்கப்பட்ட நிகழ்ச்சிக் கையேடுகள் ஆகியவையே நமக்குச் சான்று. ஒரே விமர்சகரை நம்பாமல், ஒரே இரவைப் பற்றி இரண்டு மூன்று நாளிதழ்கள் எழுதியதை அருகருகே வைத்துப் படியுங்கள். அவர் என்ன செய்தார், எப்படி நடந்தார், குரலை எங்கே தாழ்த்தினார் என்று சொல்லும் வரிகளைக் குறித்துக்கொண்டு, வெறும் புகழ்ச்சியை விட்டுவிடுங்கள். 'வாட் எவ்ரி உமன் நோஸ்' நாடகத்தில் 1926இல் நடித்த அவர், 1934இல் அதன் திரைவடிவிலும் நடித்தார். மேடையில் ஏற்ற ஒரு பாத்திரத்தை அவர் எப்படி அணுகியிருப்பார் என்று ஊகிக்க இது அரிய வாய்ப்பு. எனினும் கேமராவுக்காகக் குறைத்து நடித்ததை மேடை நடிப்பாகவே கொண்டுவிடக் கூடாது.

குடும்ப வாழ்க்கையைத் தொழிலோடு தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் எழுதுவது நல்லது. நாடகாசிரியர் சார்லஸ் மக்ஆர்தரை அவர் மணந்தது 1928இல். மகள் மேரியைக் கருவுற்றிருந்ததால் 'கோக்கெட்' சுற்றுப்பயணம் நிறுத்தப்பட்டது. நாடகத்தை நிறுத்த ஒப்பந்தம் இடமளிக்கும், மனித சக்திக்கு அப்பாற்பட்ட 'கடவுளின் செயல்' என்பதில் கருவுறுதல் அடங்குமா, மற்ற நடிகர்களுக்கு ஊதியம் தர வேண்டுமா என்ற வழக்கு நடிகர் சங்கம் வரை சென்றது. இது அந்நாளைய நடிகர்களின் பணி நிலைமையைக் காட்டுவதால் கட்டாயம் இடம்பெற வேண்டும். நடிக்கத் தொடங்கியிருந்த மேரி 1949இல் பத்தொன்பது வயதில் போலியோவால் இறந்தார்; அதன்பின் அந்நோய்க்கு எதிரான நிதி திரட்டலில் தாய் முன்னின்றார். இதை மிகையான சொற்கள் இல்லாமல் எழுதுங்கள். தத்து மகன் ஜேம்ஸ் மக்ஆர்தரும் நடிகரானார். ஹேஸ் தன் வாழ்வைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட நினைவு நூல்களை, வேறு எழுத்தாளர்களுடன் இணைந்து வெளியிட்டார். உணர்வுகளை அவற்றிலிருந்து எடுங்கள், தேதிகளை ஆவணங்களிலிருந்து எடுங்கள்.

'அமெரிக்க நாடக மேடையின் முதல் பெண்மணி' என்ற பட்டத்தை அவருக்கு மட்டும் உரியதாக எழுத வேண்டாம். மற்றொரு மேடை நடிகையான கேத்தரின் கார்னலையும் அப்படி அழைத்தார்கள். விருதுகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறையவே உள்ளன. நாடக மேடைக்காக 1947இல் வழங்கப்பட்ட முதல் டோனி விருதுகளில் சிறந்த நடிகைக்கான விருதை இங்கிரிட் பெர்க்மனுடன் பகிர்ந்துகொண்டார். 1953இல் தொலைக்காட்சிக்கான எம்மியும் 1977இல் ஒலிப்பதிவுக்கான கிராமியும் வந்து சேர, ஆஸ்கர், டோனி, எம்மி, கிராமி நான்கையும் போட்டியில் வென்ற முதல் பெண் ஆனார்.

1971இல் வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தில் நடித்ததே அவருடைய கடைசி மேடையேற்றம். மேடைத் தூசியால் ஆஸ்துமா முற்றியதே விலகக் காரணம். அதற்குப் பிந்தைய தொலைக்காட்சி வேடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர் 1993 மார்ச் 17 அன்று நியூயார்க் மாநிலத்தின் நயாக்கில் காலமானார்.

கட்டுரைக்கான நிழற்படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. சுருக்கம் விழுந்த முகமும் விதவைக் கோலமுமாக அவர் அமர்ந்திருக்கும் படம் கிடைத்தால், முதுமைக் காலப் படம் என்று எண்ணி முடிவுப் பத்தியில் சேர்த்துவிடாதீர்கள். அது விக்டோரியா அரசி வேடமாக, எடுத்த நாளில் அவருக்கு முப்பத்தைந்து வயது மட்டுமே ஆனதாக இருக்கக்கூடும். நாடகத்தின் பெயரும் ஆண்டும் உறுதியான பிறகே படக்குறிப்பை எழுதுங்கள்.