கோடஞ்சேரி மலையாற்றில் கயாக்: முதல் முறை போகிறவர்கள் திட்டம் போடுவது எப்படி?

கோழிக்கோட்டிலிருந்து வயநாட்டு மலையடிவாரம் நோக்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் கோடஞ்சேரி. அந்தப் பக்கத்தில் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா என்று இரண்டு சிற்றாறுகள் ஓடுகின்றன. கோடையில் பாறைக்குப் பாறை கால் வைத்தே கடந்துவிடலாம். ஜூலையில் அதே கரையில் நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு. 2013இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் போட்டிக்கு வெளிநாட்டு வீரர்கள் வந்து இறங்குவது இந்தத் தண்ணீரில்தான்.

அந்தப் போட்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "நாமும் போகலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் படகை இறக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

படி 1: உங்கள் கைத்திறனை நேர்மையாக அளந்துகொள்ளுங்கள்

ஆற்றின் கடினத்தை உலகம் முழுக்க கிளாஸ் 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். 1 என்றால் சின்னச் சின்ன அலை. 4 என்றால் பாறைகளுக்கு நடுவே துல்லியமாகத் திரும்பத் தெரிந்தவர்களுக்கு. 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 உயிருக்கே ஆபத்தான எல்லை. இந்த எண் நிலையானது இல்லை. நேற்று கிளாஸ் 3 ஆக இருந்த இடம் இரவு மழைக்குப் பிறகு 4 ஆகிவிடும்.

படகு கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே நிமிர்த்துவதற்கு ரோல் என்று பெயர். இடுப்பைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை இழுத்துக் கழற்றி வெளியே வருவது வெட் எக்ஸிட். இரண்டையும் முதலில் நீச்சல் குளத்தில் பழகுங்கள். அப்புறம் எடி. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாக நிற்கும் இடம் அது. மலையாற்றில் உங்களுக்கு பிரேக் அதுதான். நினைத்த எடியில் நினைத்த நேரத்தில் நுழைய முடியாதவர், கிளாஸ் 4 ஆற்றில் இறங்கக் கூடாது.

பழக நல்ல இடம் ரிஷிகேஷ் பக்கம், கங்கையில். மழைக்காலத்தில் அங்கே படகு விடுவதை நிறுத்திவிடுவார்கள். எனவே அக்டோபர், நவம்பரிலோ மார்ச்சுக்குப் பிறகோ போய்க் கற்றுக்கொண்டு, அடுத்த பருவமழைக்குக் கோடஞ்சேரி வாருங்கள். அதுவரை இங்கே கரையில் நடந்து ஆற்றைப் பார்ப்பதே பெரிய படிப்பு.

படி 2: யாரோடு போகிறீர்கள்?

ஆளுக்கொரு படகாகக் குறைந்தது மூன்று பேர் ஆற்றில் இறங்க வேண்டும். ஒருவர் மாட்டிக்கொண்டால் ஒருவர் காப்பாற்ற, இன்னொருவர் உதவிக்கு ஓட. அந்த ஆற்றை இதே தண்ணீர் அளவில் முன்பே ஓட்டியவர் ஒருவராவது கூட இருக்க வேண்டும். இவர்கள் போக, நான்காவதாக ஒருவர் கரையில் வண்டியோடு இருக்கட்டும். எங்கே இறங்குகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் வந்துவிடுவீர்கள் என்பதை அவரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் 112க்கு அழைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது.

படி 3: சாமான்

ஹெல்மெட், உடம்போடு இறுக்கமாக நிற்கும் லைஃப் ஜாக்கெட், விசில், சிறு கத்தி, பிடிப்பான ஷூ. செருப்பு வேண்டாம். படகு மூக்கும் வாலும் உருண்டு, நிறையக் காற்று கொள்ளும் க்ரீக் வகையாக இருக்கட்டும். முதலுதவிப் பை ஒன்று.

த்ரோ பேக் ஒவ்வொருவரிடமும் வேண்டும். 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த பை அது. வாங்கினால் மட்டும் போதாது, எறிந்து பழக வேண்டும். கயிற்றின் நுனியை ஒரு கையில் பிடித்து, "கயிறு!" என்று கத்தி, நீந்துபவர் உங்களைப் பார்த்த பிறகு, பை அவர் தலையைத் தாண்டி விழும்படி எறியுங்கள். எறிந்த உடனே உட்கார்ந்து, காலைப் பாறையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அவர் கயிற்றைப் பிடிக்கும் நொடியில் உங்களைச் சுண்டி இழுக்கும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது.

படி 4: மழையைப் படியுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்திய வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு ஒட்டியே சொல்வார்கள். கோழிக்கோட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, வயநாட்டுக்கும் பாருங்கள். ஆறு பிறப்பது மலையில். இரண்டில் எதற்கு ஆரஞ்சோ சிவப்போ இருந்தாலும் நான் அன்று இறங்குவதில்லை.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே பெய்துகொண்டிருக்கும். அப்படி மேலிருந்து திடீரென்று இறங்கி வரும் தண்ணீரை இங்குள்ளவர்கள் மலவெள்ளம் என்பார்கள். செங்குத்தான சரிவு, குட்டி ஆறு. தண்ணீர் நிமிடங்களில் ஏறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும்.

நான் தவறாமல் செய்வது ஒன்று. போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் விளிம்பில், ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் இடத்தில், ஒரு குச்சியை நட்டுவைப்பேன். பிறகு சாமான் இறக்கி, கடையில் கட்டன் சாயா குடித்து, அரை மணி நேரம் கழித்து வந்து பார்ப்பேன். ஒரு முறை குச்சியைக் காணவில்லை. அது நின்ற இடத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். நிறம் பச்சையிலிருந்து தேயிலைச் சாறு போல மாறியிருந்தது, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. படகுகளை மறுபடி வண்டியில் கட்டிவிட்டோம். நான்கு மணி நேரப் பயணம் செய்து வந்த நண்பர் ஒருவருக்கு முகமே வாடிப்போனது. எனக்கும்தான். ஆனாலும் அன்று வேறு முடிவே இல்லை.

ஆற்றோர வீடுகளில் கேட்கவும் தயங்காதீர்கள். "சேட்டா, வெள்ளம் கூடுமோ?" என்றால் போதும், வாசலிலிருந்தே ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான், பயந்துவிட வேண்டாம்.

படி 5: கரையில் நடந்து பாருங்கள்

முதல் முறை போகும் பகுதி முழுவதையும் நடந்தே பாருங்கள். தேட வேண்டியவை மூன்று. குறுக்கே விழுந்த பாக்கு மரம், மூங்கில் புதர்: தண்ணீர் ஊடே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். அடியில் குடைந்த பாறை: மேலே பார்த்தால் சாதுவாக இருக்கும், தண்ணீர் அடியில் நுழைந்து போகும். மூன்றாவது தடுப்பணை. படகிலிருந்து பார்த்தால் ஒரு நேர்க்கோடு மாதிரிதான் தெரியும். கீழே விழும் தண்ணீர் திரும்பத் திரும்பப் பின்னோக்கி உருளும், விழுந்தவரை வெளியே விடாது. எவ்வளவு சிறிய அணையாக இருந்தாலும் படகைத் தோளில் தூக்கி நடந்துவிடுங்கள்.

ஏற வேண்டிய இடத்தை ஆற்றிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். இருவஞ்ஞிப்புழாவில் அரிப்பாறை அருவிப் பக்கம் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அதற்கு மேலே எங்கே கரையேறுவது என்று தெரியாமல் அந்தப் பகுதியில் இறங்கவே கூடாது.

படி 6: சைகையும் நீச்சலும்

இரைச்சலில் குரல் கேட்காது. துடுப்பைக் குறுக்காகத் தலைக்கு மேல் பிடித்தால் "நில்". செங்குத்தாக உயர்த்தினால் "வா". விசில் மூன்று முறை என்றால் அவசரம். கை காட்டுவதானால் எப்போதும் போக வேண்டிய பக்கத்தைக் காட்டுங்கள், ஆபத்து இருக்கும் பக்கத்தை அல்ல. இறங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு முறை செய்து காட்ட வேண்டும்.

தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசைக்கு நீட்டி மேலே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழம்தானே என்று ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், தண்ணீர் முதுகில் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். குறுக்கே மரம் இருந்தால் மட்டும் இந்த முறையை மாற்றி, குப்புறத் திரும்பி வேகமாக நீந்தி விலகுங்கள். விலக முடியாவிட்டால் தலை முன்னால் இருக்கும்படி மரத்தின் மேலே தாவி ஏறுங்கள்.

படி 7: முடித்த பிறகு

மழை மேகத்தில் மலைக்குள் சீக்கிரம் இருட்டிவிடும், மூன்று மணிக்குள் கரையேறுங்கள். ஆட்களை எண்ணுங்கள், கரையில் காத்திருப்பவருக்குச் சொல்லுங்கள். கால் சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கேரளத்தில் மழைக்காலம் எலிக்காய்ச்சல் காலமும்கூட. போவதற்கு முன்பே மருத்துவரிடம் அதற்கான தடுப்பு மருந்தான டாக்ஸிசைக்ளின் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பி மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.