காரில்லாமல் இங்கிலாந்து கிராமப்புறம்: முதல் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் லண்டனைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரிய ஊர்களைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் மலை, கிராமம் என்று பேச்செடுத்தால் "அதுக்குக் கார் வேணுமே" என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு இன்றுவரை கார் கிடையாது, ஓட்டவும் வராது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் புளியோதரை டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருப்பேன்.

கார் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. காரில் போனவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் கடைசியில் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு ஊரில் இறங்கலாம், மலையைத் தாண்டலாம், வேறொரு ஊரில் ரயிலேறலாம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒரு வசதியை வைத்துத்தான்.

படி 1: ஊரைத் தேடாதீர்கள், ரயில் பாதையைத் தேடுங்கள்

படத்தில் பார்த்த அழகான கிராமத்தை முடிவு செய்துவிட்டு "இங்கே எப்படிப் போவது" என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 1963இல் பீச்சிங் என்ற ரயில்வே வாரியத் தலைவர் கொடுத்த அறிக்கையை வைத்து நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதையை மூடிவிட்டார்கள். அதனால் பல கிராமங்களில் ஸ்டேஷன் கட்டடம் மட்டும் யாரோ ஒருவரின் வீடாக நிற்கிறது, ரயில் இல்லை.

எனவே தலைகீழாகச் செய்யுங்கள். தப்பிப் பிழைத்த பாதைகளில் மலை வழியாகவோ கடலோரமாகவோ போவது எது என்று பார்த்து, அதில் ஒரு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள். முதல் பயணத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ஹோப் வேலி பாதை. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டின் நடுவே அது போகிறது. ஈடேல், ஹோப், பாம்ஃபோர்ட், ஹாதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்ட் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். எதில் இறங்கினாலும் வெளியே வந்த சில நிமிடங்களில் நடைபாதை கிடைத்துவிடும்.

இனி இதையே உதாரணமாக வைத்துப் போவோம்: மான்செஸ்டரிலிருந்து ஈடேல், அங்கிருந்து மலையேறி காசில்டன், பிறகு ஹோப், திரும்ப மான்செஸ்டர்.

படி 2: திரும்பி வரும் வண்டியை முதலில் பாருங்கள்

போவதற்கு வண்டி எப்படியும் கிடைத்துவிடும். மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். எனவே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதற்கு முந்தைய வண்டியை உங்கள் வண்டியாக வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கடைசி வண்டி ஆபத்துக்கு மட்டும்.

ரயில் நேரத்துக்கு நேஷனல் ரயில் என்கொயரீஸ் போதும். பஸ்ஸுக்கு டிராவ்லைன் அல்லது பஸ்டைம்ஸ் தளம். கூகுள் மேப்ஸ் காட்டும் கிராமப்புற பஸ் நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம், இன்னொரு இடத்திலும் சரிபார்த்துவிடுங்கள்.

டைம்டேபிளில் நேரத்தைவிட முக்கியம் அதன் தலையில் இருக்கும் குட்டி எழுத்துகள். திங்கள் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று தனி அட்டவணை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி வண்டி இருக்காது. இதைத் தவிர "பள்ளி நாட்களில் மட்டும்" என்று ஒரு குறி உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆகஸ்ட் மாத மாலையில். 4:10க்கு பஸ் என்று குறித்து வைத்துக்கொண்டு ஒரு குக்கிராமத்து நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, "கண்ணு, பள்ளிக்கூடம் லீவாச்சே" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எட்டு கிலோமீட்டர் நடந்துதான் ரயிலைப் பிடித்தேன். டைம்டேபிள் சரியாகத்தான் போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் இரண்டு மடங்காகும். முந்தைய நாள் இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் வெளிச்சம்: ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். குளிர்காலத்தில் உங்கள் உண்மையான கடைசி வண்டி அந்தச் சூரியன்தான்.

படி 3: டிக்கெட்

மூன்று வகையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த வண்டியில்தான் ஏற வேண்டும். எனிடைம் எப்போது வேண்டுமானாலும் செல்லும், விலை அதிகம். நடுவில் இருப்பது ஆஃப்-பீக், காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகு செல்லும். ஒரு நாள் நடைக்கு, அன்றே போய்த் திரும்பும் ஆஃப்-பீக் டே ரிட்டர்ன்தான் சரி. எத்தனை மணிக்குக் கீழே இறங்குவீர்கள் என்று மலைக்குத் தெரியாது.

நம் வழிக்கு ஒரு சூட்சுமம். ஈடேலுக்கு ரிட்டர்ன் எடுக்காதீர்கள், ஹோப்புக்கு எடுங்கள். மான்செஸ்டரிலிருந்து போகும்போது ஈடேல் முதலில் வரும், அடுத்த ஸ்டேஷன் ஹோப். ஆஃப்-பீக் டிக்கெட்டில் பொதுவாக வழியில் முன்னதாகவே இறங்கிக்கொள்ளலாம். ஈடேலில் இறங்கி, ஹோப்பில் ஏறினால் ஒரே டிக்கெட்டில் வேலை முடிந்தது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது டெர்பிஷயர் ஹோப் என்று பார்த்து அழுத்துங்கள். வேல்ஸில் ஃப்ளின்ட்ஷயரிலும் ஒரு ஹோப் ஸ்டேஷன் இருக்கிறது.

ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள், முன்பதிவுக் கட்டணம் இருக்காது. வருடத்துக்கு நாலைந்து முறையாவது போவீர்கள் என்றால் ரயில்கார்டு லாபம். 35 பவுண்டு, பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணவன் மனைவியாகவோ நண்பர்கள் இருவராகவோ எப்போதும் சேர்ந்தே போகிறவர்களுக்கு டூ டுகெதர் கார்டு இருக்கிறது, ஒரே கார்டில் இருவருக்கும் தள்ளுபடி.

படி 4: மேப்

பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனம் வெளியிடும் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரிசை, இந்தப் பகுதிக்கு ஓஎல்1. அதில் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டி வெட்டுக் கோடாக இருப்பது பொது நடைபாதை. யாருடைய வயலாக இருந்தாலும் அதன் வழியே நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. முதல் தடவை ஆட்டு மந்தைக்கு நடுவே நடக்கும்போது யாராவது வந்து திட்டுவார்களோ என்று தயக்கமாகத்தான் இருக்கும். நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்பு தெரிகிறதா, போய்க்கொண்டே இருங்கள். கேட்டைத் திறந்தால் மூடிவிடுங்கள், அது போதும்.

படி 5: அந்த நாள்

காலை ஒன்பதரை மணிவாக்கில் மான்செஸ்டர் பிக்கடில்லியில் ஷெஃபீல்டு போகும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில் ஏறுங்கள். ஷெஃபீல்டு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஈடேல் ஜன்னல் வழியே பறந்து போகும். முக்கால் மணி நேரம். சின்லி தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்று வரும். இருட்டுக்குள் போகும்போது பின்னால் இருந்தது ஊர், வெளியே வரும்போது இரண்டு பக்கமும் மலை. அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்.

கூடவே இறங்கும் கூட்டத்தில் பெரிய மூட்டைக்காரர்கள் கிராமத்துப் பக்கம் போவார்கள். 1965இல் திறக்கப்பட்ட, ஸ்காட்லாந்து வரை போகும் பென்னைன் வே நடைபாதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் அவர்களை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம், தெற்கே ஏற வேண்டும். ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்வரை மூச்சு வாங்கும் ஏற்றம். மேலே வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் மலைமுதுகின் மேலேயே கல் பாவிய பாதை, நேராக மாம் டோர் உச்சிக்குப் போகும். உயரம் 517 மீட்டர். மாம் டோர் என்றால் தாய் மலை என்று சொல்கிறார்கள். எனக்கு அதை அம்மா மலை என்று சொல்லத்தான் பிடிக்கும்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். வடக்கே பார்த்தால் நீங்கள் வந்த ரயில் பாதையில் அடுத்த வண்டி பொம்மை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். தெற்கே ஹோப் பள்ளத்தாக்கு, அதன் நடுவில் ஒரு சிமென்ட் ஆலையின் புகைபோக்கி. புகைப்படம் போடுகிறவர்கள் அதை மட்டும் வெட்டிவிடுவார்கள்.

இறங்கும்போது நேராக வராமல் ப்ளூ ஜான் குகைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். அங்கே ஒரு பழைய தார்ச்சாலை இருக்கிறது. மலைச்சரிவு மண் நகர்ந்துகொண்டே இருந்ததால் ரிப்பேர் செய்து செய்து அலுத்துப்போய், 1979இல் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். சாலை நடுவிலேயே பிளந்து, ஒரு பாதி ஓர் ஆள் உயரம் கீழே இறங்கிக் கிடக்கிறது. வெட்டுவாயில் தாரை எண்ணலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக, ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரு அடுக்கு. கார் போக முடியாத அந்தக் கார்ச்சாலையில் நடக்கும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வருவதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சாலை காசில்டனுக்கு இறக்கிவிடும். டீக்கடைகள், மலைமேல் இடிந்த கோட்டை, குகைகள். இங்கே சாப்பிட்டு உட்காரலாம். கால் வலித்தால் இங்கேயிருந்தே ஷெஃபீல்டுக்கு 272 பஸ் உண்டு. இல்லையென்றால் ஓடையோரப் பாதையில் ஹோப் கிராமத்துக்குச் சமதளமாக நடக்கலாம். கவனம்: ஹோப் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டி இன்னும் பதினைந்து இருபது நிமிடம். இதைக் கணக்கில் சேர்க்காமல் வண்டியைத் தவறவிட்டவர்கள் பலர். மொத்தம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர், உட்கார்ந்து எழுந்து வந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பஸ் ஏறும் முறை

கிராமப்புறத்தில் நிறுத்தத்தில் நின்றால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று நினைத்துப் போய்விடுவார்கள். கண்டக்டர் கிடையாது, டிரைவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி வங்கி அட்டையைத் தொட வேண்டும். அரசின் கட்டண உச்சவரம்புத் திட்டத்தில் சேர்ந்த பஸ் நிறுவனங்களில் ஒரு வழிக் கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து அதிகபட்சம் 3 பவுண்டு, எத்தனை மணி நேரம் போனாலும் அவ்வளவுதான். இறங்கும்போது டிரைவருக்கு ஒரு தேங்க்ஸ், எல்லோரும் சொல்வார்கள்.

ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால் புரியாது. கெஸ்விக் இல்லை, கெஸ்ஸிக். அல்ன்விக் இல்லை, ஆனிக். தயக்கமாக இருந்தால் போனில் பெயரைக் காட்டிவிடுங்கள்.

அடுத்து எங்கே?

இது கைவந்துவிட்டால், வடமேற்கில் ஏரியும் மலையுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட். ஆக்ஸன்ஹோமில் வண்டி மாறி விண்டர்மியர் ஸ்டேஷனில் இறங்கினால், வெளியே 555 பஸ் ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்ஸிக் போகும். மாடியில் முன் சீட் கிடைத்தால் நடக்கவே வேண்டாம், அதுவே போதும். தெற்கில் இருப்பவர்கள் பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடியுங்கள், எக்சீட்டில் இறங்கினால் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகள். மலை ஏறி இறங்கி ஈஸ்ட்போர்ன் வரை நடந்து, அங்கே ரயிலேறிவிடலாம்.

கிறிஸ்துமஸ் அன்று மட்டும் எங்கேயும் கிளம்பாதீர்கள், ரயிலே ஓடாது.