புதுக் காரின் முதல் ஆயில் மாற்றம்: எங்கே விடுவது என்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் புதுக் கார் வாங்கிய வீட்டில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய மறுநாளே ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். சர்வீஸுக்குத் தென்காசியில் விடுவதா, திருநெல்வேலிக்குக் கொண்டு போவதா, இல்லை மலையைத் தாண்டிக் கேரளத்துப் புனலூரிலோ கொல்லத்திலோ விடுவதா? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. உறவும் வியாபாரமும் இரண்டு பக்கமும் உள்ளவர்கள் இங்கே நிறைய. ஆகவே ‘அந்தப் பக்கம் வேலை சுத்தம்’ என்று ஒரு கட்சி, ‘இந்தப் பக்கம் கூலி குறைவு’ என்று ஒரு கட்சி. இன்ஜினுக்குள் எதை ஊற்றப் போகிறார்கள், ஊற்றியதற்கு என்ன சாட்சி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எந்தப் பக்கம், எந்த ஊர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் சர்வீஸும் முதல் ஆயில் மாற்றமும் ஒன்றல்ல

பல கம்பெனிகளில் முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மாருதியில் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டர் என்று மூன்று இலவச சர்வீஸ்கள். இவற்றில் முதலாவது பெரும்பாலும் பார்வையிடுவதுதான்: நட்டுகளைச் சரிபார்ப்பார்கள், ஆயில், கூலன்ட், பிரேக் திரவ அளவுகளைப் பார்ப்பார்கள், கழுவித் தருவார்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஆயில் மாற்றம் 10,000 கிலோமீட்டரில் அல்லது ஒரு வருடத்தில்தான். ‘சர்வீஸுக்கு விட்டேன், ஆயில்கூட மாற்றவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகும் முன் காரோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ‘இலவசம்’ என்ற சொல்லையும் சேர்த்தே பாருங்கள். இலவசம் என்பது கூலிக்கு மட்டும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. ‘புது இன்ஜினில் இரும்புத் தூள் இருக்கும், ஆயிரத்திலேயே ஆயிலை மாற்றிவிடு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய காலத்து இன்ஜின்களுக்கு அது சரியான அறிவுரை. இன்று உலோகப் பரப்புகளைக் கடைந்தெடுக்கும் நேர்த்தியே வேறு. சில தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை அட்டவணைக்கு முன்னால் இறக்கவே வேண்டாம் என்கிறார்கள். ஹோண்டாவின் கையேடுகள் இதற்கு உதாரணம். உங்கள் கையேடு வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் மனம்தான் கேட்கவில்லை என்றால் முன்கூட்டியே மாற்றுவதால் இன்ஜின் கெட்டுவிடாது, காசுதான் வீண். ஆனால் அந்த மாற்றத்தை வைத்து அட்டவணை மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, அட்டவணையில் கிலோமீட்டர், காலம் இரண்டில் ‘எது முன்னால் வருகிறதோ அது’ என்ற வரி. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் வருடத்தில் பாதி நாள் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நிற்கின்றன. மீட்டரில் 3,000 கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஓடிய காரின் ஆயிலைவிட நின்ற காரின் ஆயில் மோசமாக இருக்கலாம். வாரன்டி கோரிக்கை வந்தால் கம்பெனி கிலோமீட்டரை மட்டும் பார்க்காது, தேதியையும் பார்க்கும்.

வாங்கிய ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை

கொல்லத்தில் சீக்கிரம் டெலிவரி கிடைத்தது என்று அங்கே கார் எடுத்தவர்கள், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஆரியங்காவு, தென்மலை என்று மலை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். தேவையே இல்லை. வாரன்டி கொடுப்பது கார் தயாரித்த கம்பெனி. ஷோரூம் முதலாளி அல்ல. அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும், எந்த மாநிலத்திலும், இலவச சர்வீஸ் உட்பட எடுத்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணைப் போட்டால் பழைய சர்வீஸ் விவரம் பெரும்பாலும் அவர்கள் திரையிலேயே வந்துவிடும். ‘எங்களிடம் வாங்கவில்லையே’ என்று கவுண்டரில் முகம் சுளித்தால், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அங்கே நின்றபடியே அழைத்துப் பேசுங்கள். அதற்குப் பிறகு முகம் மாறும்.

அதற்காக அருகில் இருப்பதே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. எட்டு கிலோமீட்டரில் இருக்கும் தென்காசி இடத்தில் உங்கள் இன்ஜினுக்கான ஆயில் இருப்பு இல்லை, ‘இதுவும் அதே மாதிரிதான்’ என்று வேறொன்றை எடுக்கிறார்கள் என்றால், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதுதான் உங்களுக்கான இடம். புறப்படும் முன் போன் செய்து, கையேட்டில் உள்ள ஆயில் கிரேடைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டால் இந்த அலைச்சலும் மிச்சம்.

வெளி ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வாரன்டி போய்விடுமா?

கம்பெனி சென்டரில் ‘போய்விடும்’ என்பார்கள். வெளி மெக்கானிக் ‘ஒன்றும் ஆகாது’ என்பார். இருவரும் தத்தம் வியாபாரத்துக்கு ஏற்ற பாதியைச் சொல்கிறார்கள்.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் தங்கள் வலைப்பின்னலுக்குள்ளேயே பூட்டி வைத்ததுதான் வழக்கு. வெளி ஆளிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வெளி வேலையின் கோளாறால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. பிறகு விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. கொள்கை உங்கள் பக்கம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இன்ஜின் பிடித்துப்போய், கார் டோ வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கும் நாளில், கவுண்டரில் நிற்கும் இளைஞனிடம் அந்த உத்தரவை நீட்டி ஜெயித்த எவரையும் எனக்குத் தெரியாது.

என் கருத்து வெளிப்படையானது: வாரன்டி காலத்தில், அதிலும் முதல் ஆயில் மாற்றத்தை, கம்பெனி சென்டரிலேயே செய்துவிடுங்கள். அவர்கள் பெரிய மேதைகள் என்பதால் சொல்லவில்லை. பல இடங்களில் உங்கள் காரின் அடியில் படுத்திருப்பவர் பயிற்சிக்கு வந்த பையன்தான். முப்பது வருடம் கை கறுத்த உங்கள் ஊர் மெக்கானிக் அவரைவிட நிச்சயம் கெட்டிக்காரர். ஆனால் பையன் செய்த தவறுக்குக் கம்பெனி பதில் சொல்லும். மெக்கானிக் அண்ணாச்சி செய்த தவறுக்கு உங்கள் பணம்தான் பதில் சொல்லும். கூலி இலவசமாக இருக்கும் சர்வீஸில் வெளியே போய் மிச்சப்படுத்தவும் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்படியும் வெளியே விடுகிறீர்கள் என்றால், வாயால் சொல்லும் கணக்கோடு திரும்பாதீர்கள். தேதி, பதிவு எண், மீட்டர் அளவு, ஆயிலின் பெயரும் கிரேடும், எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண் எல்லாம் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும். ‘பில் போட்டால் வரி வரும், வேண்டாமே’ என்று சொல்லும் இடத்தில், வரி மிச்சம் அவருக்கு, வாரன்டி இழப்பு உங்களுக்கு.

மலை ஏறும் காருக்குக் கெட்டி ஆயில் என்ற கதை

நம் பக்கத்தில் மிக ஆழமாக ஊறிப்போன தவறு இதுதான். புளியரை எஸ் வளைவைத் தாண்டி அடிக்கடி மேலே போகிற வண்டி என்று தெரிந்ததும், “அண்ணாச்சி, மலை ஏறுகிற வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று அக்கறையோடு 20டபிள்யூ-40 டப்பாவை எடுப்பார்கள். உங்கள் கையேட்டிலோ 0டபிள்யூ-20 என்றோ, சில மாருதி கார்களில் 0டபிள்யூ-16 என்றோ இருக்கும்.

இந்த எண்களில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பின்னால் இருப்பது 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. செங்கோட்டையில் பனியா பெய்கிறது, நமக்கு எதற்கு 0டபிள்யூ என்று கேட்கலாம். இன்ஜினைப் பொறுத்தவரை காலை முப்பது டிகிரிகூடக் குளிர்தான். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஆயில் மேலே வால்வுகள் வரை ஏறியாக வேண்டும். இன்றைய இன்ஜினில் பேரிங் இடைவெளிகள் நுண்மையானவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. மோர் குடிக்கும் குழாயில் கேப்பைக்கூழை உறிஞ்சச் சொன்னால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். மைலேஜ் குறையும், காலையில் கடகட சத்தம் வரும், வால்வு நேரத்தில் கோளாறு காட்டும் விளக்கு எரியலாம். மலைச் சூட்டைத் தாங்குவது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டுமல்ல. அதன் தரக் குறியீடும் கூலன்டும்தான் அதிகம் தாங்குகின்றன. சில கையேடுகள் வெப்பத்தைப் பொறுத்து இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதிக்கும். அந்தப் பட்டியலுக்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். வெளியே வேண்டாம்.

டீசல்காரர்கள் இன்னும் கவனம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப்பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் தனி வகை ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால் இன்ஜின் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. வடிகட்டியில் சாம்பல் சேர்ந்து அடைந்த பிறகு வரும் பில் உங்களைப் பேசவைக்கும். டீசல் லாரிகளே அதிகம் பார்க்கும் நெடுஞ்சாலை ஒர்க்‌ஷாப்பில் முதல் ஆயில் மாற்றம் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

கம்பெனி சென்டரில் சீல் வைத்த டப்பாவுக்குப் பதிலாகப் பேரலில் இருந்து குழாயில் ஊற்றினால் பதற வேண்டாம். பெரிய இடங்களில் அது வழக்கம். பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கையேட்டில் உள்ள கொள்ளளவையும் பில்லில் உள்ள லிட்டரையும் ஒப்பிடுங்கள். 3.1 லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு 4 லிட்டர் பில் வந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது

கையேட்டின் பின்பகுதியில் ‘கடினமான பயன்பாடு’ என்று இன்னொரு அட்டவணை இருக்கும். தூசி, மலைப்பாதை, நெரிசலில் நின்று நின்று ஓடுவது, சிறு தூரம் மட்டுமே ஓடுவது எல்லாம் அதில் வரும். புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளின் பின்னால் தினமும் ஊர்கிறவர் அந்த அட்டவணைக்காரர்தான். சர்வீஸ் அட்வைசர் இதைக் கேட்க மாட்டார். நீங்கள் சொல்ல வேண்டும். புனலூர்ப் பக்கம் விட்டால் உங்கள் தமிழ் அவர்களுக்குப் புரியும், அவர்கள் மலையாளம் உங்களுக்கும் புரியும். தலையாட்டிக்கொண்டு வந்துவிடாமல், சொன்னது ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் சீட்டில், எழுத்தாக ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அப்படியே ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘டெஃப்லான் கோட்டிங்’, ஏசி கிருமி நீக்கம் போன்றவை அதில் தாமாக ஏறியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு வயதுகூட ஆகாத இன்ஜினில் கழுவி எடுக்க என்ன இருக்கிறது?

தேதியிலும் கவனம் வேண்டும். ஓணத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கம் வேண்டாம்; ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இந்தப் பக்கம் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், சாரல் காலத்தில் குற்றாலத்துக் கூட்டமும் சாலையை அடைத்துவிடும். சென்டரில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அவசரத்தில் போவது முதலில், பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் நட்டின் வாஷர்தான். பழையதையே திருப்பிப் போடுவார்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை முறுக்கிவிடுவதும் உண்டு. நிறுத்தியிருக்கும்போது ஒழுகாது, அழுத்தம் ஏறியதும் பீச்சும்.

ஆகவே ஆயில் மாற்றிய கையோடு மலை ஏறாதீர்கள். புனலூரில் மாற்றினால் ஊருக்குள்ளேயே சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, அடியில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத் தென்மலைப் பாதையைப் பிடியுங்கள். வழியில் ஆயில் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த டீக்கடை வரை போய்விடலாம் என்ற கணக்கு வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், சமமான தரையில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. மேல் குறியைத் தாண்டி நின்றால் ‘கூடத்தானே இருக்கிறது’ என்று விடாதீர்கள். இன்ஜினின் கிராங்க் தண்டு சுழல்வதில் ஆயில் நுரைத்து அழுத்தம் விழும். அன்றே திரும்பக் கொண்டுபோய் இறக்கச் சொல்லுங்கள், கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.