ஸ்காட்லாந்து மலையலைகளில் கிளைடர்: ஏறும்போது செய்யும் தவறுகள் இறங்கும்போதுதான் தெரியும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் டீ ஆற்றையொட்டி இருக்கும் அபோய்ன் என்ற சிற்றூருக்கு, இலையுதிர்காலம் வந்தால் பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்தும் கிளைடர் விமானிகள் வருகிறார்கள். மேற்கே உள்ள கெய்ன்கார்ம் மலைகளின் உச்சியான பென் மக்டூயி 1,309 மீட்டர் உயரமே என்றாலும், அவற்றைத் தாண்டி வரும் வலுத்த காற்று, பாறையைக் கடந்த ஆற்றுநீர்போல மறுபக்கத்தில் அலையலையாக எழுகிறது. அந்த அலையின் ஏறுமுகத்தைப் பிடித்துவிட்டால், எஞ்சின் இல்லாத விமானம் மலையைப்போல் நாலைந்து மடங்கு உயரத்துக்கு ஓசையின்றிப் போய்விடும். அந்த ஏற்றம் அவ்வளவு சுகமாக இருப்பதால்தான் பலர் இறங்குவதைப் பற்றி யோசிக்காமலே ஏறிவிடுகிறார்கள்.

சுகம் தொடங்குமுன் ஒரு கொந்தளிப்பு உண்டு. அலைக்குக் கீழே காற்று சுருண்டு புரளும் அடுக்கை ரோட்டர் என்பார்கள். கயிற்றில் இழுபட்டு அதைக் கடக்கும்போது முன்னால் போகும் இழுவை விமானம் ஒரு கணம் தலைக்கு மேலும் மறுகணம் காலுக்குக் கீழும் தெரியும். இடுப்புப் பட்டையைத் தளர்வாக விட்டவரின் தலை மேற்கண்ணாடியில் இடிக்கும். இழுவை விமானம் பார்வையிலிருந்து மறைந்துவிட்டால், சமாளித்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் அக்கணமே கயிற்றை விடுவிக்க வேண்டும்.

சமவெளியில் வெப்பக் காற்றில் பறந்து பழகியவர்கள் செய்யும் தவறு, லென்ஸ் வடிவ மேகத்தைக் கண்டதும் அதனடியில் போய் வட்டமடிப்பது. அந்த மேகம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிந்தாலும், காற்று வரும் பக்கத்து விளிம்பில் உருவாகி மறுவிளிம்பில் கரைந்துகொண்டே இருக்கிறது. ஏற்றம் இருப்பது முன்விளிம்புக்கும் முன்னால். 50 நாட் (மணிக்கு ஏறக்குறைய 93 கிலோமீட்டர்) காற்றில் அதே வேகத்தில் எதிர்முகமாகப் பறக்கும் கிளைடர், தரையிலிருந்து பார்த்தால் ஆணியடித்ததுபோல் நிற்கும். அங்கே அரை நிமிடத்தில் ஒரு வட்டம் அடித்தால் ஏறக்குறைய 770 மீட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மேகத்துக்குள்ளோ அதற்குப் பின்னாலுள்ள இறங்குகாற்றிலோ போய் விழ நேரிடும். மேகத் திட்டுகளுக்கு இடையிலுள்ள திறப்பு அப்படியே இருக்கும் என்று நம்புவதும் ஆபத்தானது. ஈரக்காற்று வரத் தொடங்கினால் சில நிமிடங்களில் அது மூடிக்கொள்ளும் என்பதால், திறப்பு குறுகுவதைக் கண்டவுடனே இறங்கத் தொடங்குவதுதான் விவேகம்.

அவசரமாக இறங்க நினைப்பவரை வேகமானி ஏமாற்றும். 6,000 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால் அது மணிக்கு 200 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மை வேகம் 270-ஐத் தாண்டியிருக்கும். இறக்கையைப் படபடக்கவைத்து முறித்துவிடக்கூடிய அதிர்வோ பெரிதும் உண்மை வேகத்தைச் சார்ந்தது. உயரத்துக்கேற்ப எல்லை வேகம் எவ்வளவு குறைகிறது என்ற அட்டவணையைப் பறப்பதற்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த உயரத்தில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 24 பாகை செல்சியஸ். மேற்கண்ணாடி வழியே வெயில் படுவதால் தோள் கதகதப்பாக இருக்கும். மூக்குப் பகுதிக்குள் நீட்டிய கால்களோ நிழலில் விறைத்துப்போகும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பது இரத்த ஓட்டத்தைக் குறைத்து நிலைமையை மோசமாக்கும். இறக்கைத் தொட்டிகளில் எடைக்காக நிரப்பிய நீர் உறையும். பேட்டரியும் வழக்கமான நேரம் தாங்காது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஆக்சிஜன் குறைவைத்தான். அது மூச்சுத் திணறலாக வராமல் ஒருவித மனநிறைவாக வருவதால், எல்லாம் நன்றாகப் போகிறது என்றே விமானிக்குத் தோன்றும். 7,600 மீட்டரில் ஆக்சிஜன் நின்றுபோனால் தெளிவாகச் செயல்பட மூன்று முதல் ஐந்து நிமிடங்களே கிடைக்கும். விரல் நீலம்பாரிப்பதைக் கையுறை மறைத்துவிடும், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டரும் குளிர்ந்த விரலில் பிழையாகக் காட்டும் என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் 3,000 மீட்டருக்கு முன்பே ஆக்சிஜனைத் திறந்துவிட வேண்டும்.

வேகத்தடுப்புப் பலகைகள் உறைந்து ஒட்டிக்கொள்ளாதபடி அவ்வப்போது சிறிது திறந்து மூடுவது நல்லது. குளிரில் ஊறிய விமானம் தாழ்வான ஈரக்காற்றுக்குள் நுழைந்ததும் கண்ணாடி முழுவதும் சட்டென வெண்மையாகப் படர்ந்துவிடும். ஆகவே ஓடுதளத்துக்கு நேராகப் பாய்ந்து வராமல், சில நூறு மீட்டர் உயரத்தை மிச்சம் வைத்துக்கொண்டு, பக்கச் சாளரத்தைத் திறந்து கண்ணாடி தெளியும்வரை சுற்ற வேண்டும். உயரமானியையும் அப்படியே நம்ப இயலாது. வளிமண்டலம் இயல்பைவிட 20 பாகை குளிர்ந்திருந்தால், அது 1,500 மீட்டர் காட்டும்போது உண்மையான உயரம் ஏறக்குறைய 1,380-தான். மலைமுகட்டை ஒட்டிப் பறப்பவருக்கு அந்த 120 மீட்டர் சிறிய பிழையன்று.

டிசம்பரில் அபோய்னில் பிற்பகல் மூன்றரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மேலே இருப்பவரின் இறக்கையில் அப்போதும் வெயில் மின்னிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பாமல், கைக்கடிகாரத்தையும் கீழே டீ பள்ளத்தாக்கில் எரியத் தொடங்கும் வீட்டு விளக்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.