வைகை அணைப் பூங்காவுக்குச் செல்லும் கடலோரத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடலோரத்தில், ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரத்தில் வைகை கடலில் சேரும் இடத்தைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு, ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் அதன் அடிவாரத்தில் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பூங்காவும் விருப்பமான சுற்றுலா இடங்கள். ஆனால் போகும் காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வேன் பிடித்துப் புறப்படுவது நமக்கு வசதிதான். எனினும் அது கடுங்கோடை என்பதால் ஆற்றில் பாறைகளைத்தான் அதிகம் பார்க்க நேரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு செல்வதே நல்லது.

அதைவிடப் பெரிய தவறு, அணையின் நீர்மட்டத்தை விசாரிக்காமல் செல்வது. முழு நீர்மட்டமான 71 அடியை அணை நெருங்கும்போது, 66, 68.5, 69 அடிகளில் மூன்று கட்டங்களாக வெள்ள எச்சரிக்கை விடப்படுகிறது. இராமநாதபுரம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்கு வரும் இந்த எச்சரிக்கையை நாம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் செய்தியாக மட்டுமே படிக்கிறோம். உபரிநீர் திறந்தால் இரு கரைப் பூங்காக்களையும் இணைக்கும் தரைப்பாலம் மூழ்கிவிடும். இருநூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்து பாதிப் பூங்காவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். நீர் வடிந்த பின்பும் பாலத்தில் பாசி படிந்திருக்கலாம். ரப்பர் செருப்புடன் ஓடும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

கடலில் நீந்தியவருக்கு ஆறு எம்மாத்திரம் என்ற நினைப்பும் ஆபத்தானது. உப்புநீர் உடலைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு நன்னீர் கொடுக்காது. மேலும், இங்கே திறக்கும் நீர் நம் இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்ட நாள்கணக்காகும்; அணையின் காலடியில் நிற்பவரை நிமிடங்களில் எட்டிவிடும். அபாயச் சங்கு ஒலித்தால் செல்பி எடுப்பதை விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும்.

எட்டு மணிக்குப் புறப்பட்டு உச்சிவெயிலில் போய் இறங்குவதையும் தவிர்க்கலாம், விடியுமுன் கிளம்புங்கள். அங்கே பொரித்துத் தரும் கட்லாவையும் ஜிலேபிக் கெண்டையையும் ஊளி, பாறை போன்ற நம் கடல் மீன்களோடு ஒப்பிட்டு முகம் சுளிக்காதீர்கள்; நம் மண்டபம் ஊர்க் கடல் மீனின் சுவை அணை மீனில் கிடைக்காது, சூடாகத் தின்றால் குறையும் தெரியாது.